ரெடிமேட் வீடா? பேனலைப் பார்க்காதீங்க, ஜாயின்ட்டைப் பாருங்க

"ஃபேக்டரியில செஞ்சு வருது டாக்டர், தப்பே நடக்காது" என்கிறார்கள் ப்ரீஃபேப் வீடு வாங்குபவர்கள். பாதிதான் உண்மை.

1) மூட்டு மாற்று சிகிச்சைக்கு எவ்வளவு உசத்தியான இம்ப்ளான்ட்டும் வாங்கலாம். பொருத்துபவருக்குக் கை சரியில்லைன்னா என்ன பயன்? வீடும் அப்படித்தான். சுவர் ஃபேக்டரியில் தயாராகுது. இணைப்பு உங்க மனையில்தான் நடக்குது.

2) லண்டன், ரோனன் பாயின்ட். கான்கிரீட் பேனல்களை அடுக்கிக் கட்டிய 22 மாடிக் குடியிருப்பு. 1968 மே 16 அதிகாலை, 18வது மாடியில் கேஸ் வெடித்தது. வெளிச்சுவர் பேனல் பிய்த்துக்கொண்டு விழ, அந்த மூலை முழுவதும் அடுக்கடுக்காகச் சரிந்தது. 4 பேர் பலி. கட்டடம் திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

3) டிசைனிலும் குறை, வேலையிலும் குறை. 1986ல் கட்டடத்தைப் பிரித்தபோது சில இணைப்பு இடுக்குகளில் கலவைக்குப் பதில் செய்தித்தாள் திணிச்சிருந்தது!

4) அதனால் அட்வான்ஸ் தருவதற்கு முன் கேளுங்க:

• பொருத்தப்போறது உங்க ஆட்களா, சப் கான்ட்ராக்டா?
• மண் பரிசோதனை, அஸ்திவாரம் யார் பொறுப்பு?
• ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட டிராயிங் எங்கே? இணைப்பு விவரம் அதில் இருக்கா?
• ரெண்டு மூணு மழைக்காலம் தாண்டின வீடு ஒண்ணு காட்டுவீங்களா?

5) ஷோரூம் மாடலைக் காட்டி மழுப்பினா வந்துடுங்க. பதில் சரியா இருந்தாலும் பணத்தைக் கட்டம் கட்டமாக் கொடுங்க. கடைசித் தவணை, ஒரு நல்ல மழை பெய்ஞ்ச பிறகு!