புடவையில் யார் பெயர்?

திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தால் பேச்சு பெரும்பாலும் மூட்டுவலி, மழை, பக்கத்து வீட்டுக்காரர் என்று போகும். போன மாதம் வந்த போன் வேறு ரகம்.

"டேய், ரிசப்ஷனுக்கு இவளுக்கு சப்யசாச்சி லெஹங்காதான் வேணுமாம். அவர் கடை உங்க கல்கத்தாவிலதானே இருக்கு? விலை கேட்டுச் சொல்லு."

கேட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் அக்கா கேட்டாள்: "ஏண்டா, அந்த ஆள் துணி தைக்கிறாரா, வீடு கட்டிக் கொடுக்கிறாரா?"

சிரிப்பு வந்தாலும் நியாயமான கேள்வி. அதற்குப் பதில் யோசித்ததில் வந்ததுதான் இது.

முதலில் ஆளைப் பற்றி. சப்யசாச்சி முகர்ஜி 1974-ல் பிறந்தவர். (பெங்காலிகள் 'ஷொப்போஷாச்சி' என்பார்கள். இரண்டு கையாலும் அம்பு விடும் அர்ஜுனனின் பெயர் அது.) வளர்ந்தது கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கும் சந்தன்நகரில். நம் புதுச்சேரியைப் போல பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். பணக்கார வீடு இல்லை. பதினைந்து வயதில் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் எதிர்ப்பு இருந்தும் நிஃப்டில் சேர முடிவு செய்தார். விண்ணப்பம் வாங்கப் பணமில்லாமல் தன் புத்தகங்களை விற்றதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

1999-ல் படிப்பு முடிந்ததும் மூன்றே பேரை வைத்துக்கொண்டு பட்டறை ஆரம்பித்தார். 2002-ல் இந்தியா ஃபேஷன் வீக் மேடை. 2005-ல் வந்த 'பிளாக்' இந்திப் படத்துக்கு ஆடை வடிவமைத்ததற்காக தேசிய விருது. பிறகு அனுஷ்கா, தீபிகா என்று நட்சத்திரக் கல்யாணங்கள். 2021 ஜனவரியில் ஆதித்ய பிர்லா குழுமத்தின் ஃபேஷன் நிறுவனம் அவருடைய கம்பெனியில் 51 சதவீதத்தை 398 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2022-ல் நியூயார்க்கில் கடை.

இதில் நமக்கு முதல் பாடம் ஒன்று இருக்கிறது. "தையல் படிக்கப் போறேன்" என்று நம் வீட்டுப் பையன் சொன்னால் என்ன செய்திருப்போம்? ஊரை விட்டு வந்து, வாடகை வீட்டில் இருந்து, பிள்ளைகளை இன்ஜினியரிங் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதற்கென்றே உழைக்கும் கூட்டம் நாம். நானும் அதில் ஒருவன்தான். அந்த வகையில் இந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை உண்டு. பாரிஸையும் மிலனையும் காப்பியடிக்காமல் கதர், பனாரஸ் பட்டு, கை எம்பிராய்டரி என்று நம்மூர்ச் சரக்கை வைத்தே பெரிய விலை கேட்கலாம் என்று காட்டியவர். முர்ஷிதாபாத் நெசவாளர்களுக்காக 'சேவ் தி சாரி' என்று லாபம் வைக்காமல் கைத்தறிப் புடவை விற்கும் திட்டமும் நடத்தினார். பாட்டி காலத்து விஷயம் என்று பெட்டிக்குள் போன புடவையை இருபத்தைந்து வயதுப் பெண்கள் ஆசையாகக் கேட்கும்படி செய்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

சரி, அக்காவின் கேள்விக்கு வருவோம். அந்த விலையில் துணிக்கு எவ்வளவு, வேலைக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு?

2018 நவம்பரில் இத்தாலியில் தீபிகா படுகோன் கல்யாணம் நடந்தது. கொங்கணி முறைச் சடங்கில் அவர் கட்டியிருந்த புடவை சப்யசாச்சி வடிவமைத்தது என்று செய்தி பரவியது. சில நாளில் சப்யசாச்சி தரப்பே திருத்தம் போட்டது. கொங்கணி வழக்கப்படி புடவை பெண்ணின் அம்மா கொடுத்தது, அவர் அதை பெங்களூர் அங்காடி கேலரியாவில் வாங்கியிருக்கிறார், அந்தப் பெருமை அவர்களுக்கே என்று. திருத்தியது நல்ல குணம்தான். ஆனால் அந்தத் திருத்தத்திலும் கடையின் பெயர் வந்தது, நெய்தவர் பெயர் வரவில்லை. வராததை நானும் அப்போது கவனிக்கவில்லை.

2024 மே மாதம் நியூயார்க் மெட் காலாவில் ஆலியா பட் கட்டிய சப்யசாச்சி புடவைக்குப் பின்னால் 163 பேரின் உழைப்பு இருப்பதாகச் சொன்னார்கள். எண்ணிக்கையாவது சொன்னார்களே, சந்தோஷம். ஆனால் 163 என்பது ஒரு எண். உலகத்துக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்.

2021 ஆகஸ்டில் ஸ்வீடன் கம்பெனியான எச் அண்ட் எம்முடன் சேர்ந்து அவர் ஒரு வரிசை கொண்டுவந்தார். அதில் புடவை 9,999 ரூபாய். இந்தியக் கைவினையின் சாயலில் அச்சு டிசைன்கள், ஆனால் கைவினைஞர்கள் செய்தது அல்ல. ஆன்லைனில் மளமளவென்று விற்றுத் தீர்ந்தது. கைவினை அமைப்புகள் பல சேர்ந்து திறந்த கடிதம் எழுதின. கலைஞனின் பாரம்பரியத்தைக் காட்டி விற்றுவிட்டு வேலையை அவனுக்குக் கொடுக்காமல் விட்டீர்களே என்பது அதன் சாரம். இந்திய டிசைனை உலக வரைபடத்தில் வைக்க வேண்டும் என்பதே என் நோக்கம் என்ற மாதிரி அவர் பதில் சொன்னார். அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரைபடத்தில் ஏறிய பெயர்கள் டிசைனருடையதும் கம்பெனியுடையதும்தான்.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர்கள் 35.22 லட்சம் பேர். அதற்கு முந்தைய 2009-10 கணக்கில் 43.31 லட்சம். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஒரு பக்கம் 398 கோடி, இன்னொரு பக்கம் 5,000. இரண்டும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள்.

இதையெல்லாம் ஆவேசமாக அக்கா மகளிடம் போனில் அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சரி மாமா. உங்க கல்யாணத்துல அத்தை கட்டின கூறைப்புடவையை யார் நெஞ்சது?"

பதில் இல்லை. பக்கத்தில் இருந்த மனைவியைக் கேட்டேன். கடை பெயர் சொன்னாள். தெரு சொன்னாள். 1998-ல் கொடுத்த விலை, பேரம் பேசிக் குறைத்த தொகை, மாம்பழக் கலர்தான் வேண்டும் என்று என் அம்மா பிடித்த பிடிவாதம் எல்லாம் சொன்னாள். நெய்தவர் பெயர் மட்டும் தெரியாது. நாங்கள் கேட்கவே இல்லை.

காஞ்சிபுரத்தில் கோர்வை போட்டு நெய்வதென்றால் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட வேண்டும். நெய்பவர், கூட உதவியாள் என்று இரண்டு பேர் தறியில் உட்கார வேண்டும். நாள்கணக்கில் நடக்கும் வேலை. அந்த இரண்டு பேருக்கும் நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு இடம் வேண்டாம், பெயருக்காவது இடம் உண்டா? பத்திரிகையில் மாமன் மச்சான் பெயரெல்லாம் போடுகிறோம். நாதஸ்வர வித்வான் பெயரைக்கூடப் போடுகிற வழக்கம் உண்டு.

ஆகவே என் கருத்து இதுதான். சப்யசாச்சியைத் திட்டுவது சுலபம். பெயரைப் பார்த்துப் பணம் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் அவருக்கு முன்பே இருந்தது. அவர் அதைப் பெரிய அளவில், அழகாகச் செய்தார், அவ்வளவே. ஒரு பெயர் இருந்தால் கைவேலைக்கு நல்ல விலை கிடைக்கும் என்று நிரூபித்தவரும் அவரே. அந்தப் பெயர் தறி வரைக்கும் இறங்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். டிசைனர் பெயரை எடுக்க வேண்டாம். கீழே இன்னும் இரண்டு பெயர் சேர்க்க இடம் இருக்கிறது.

இதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கைத்தறி முத்திரை 2006-லிருந்து இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இவை எப்படி நெய்தது, எந்த ஊர் என்று சொல்லும். யார் என்பதை நாம்தான் கேட்க வேண்டும். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் முழிப்பார். நூறு பேர் கேட்டால் அட்டையில் எழுதி வைப்பார். வெளியூரில் இருக்கும் நாம்தான் விடுமுறைக்கு வந்து ஒரே நாளில் பத்துப் புடவை வாங்குகிறவர்கள். நம் பேச்சுக்குக் கடையில் கொஞ்சம் மதிப்பு உண்டு.

லெஹங்கா என்ன ஆனது என்கிறீர்களா? விலையைப் பார்த்து அவளே விட்டுவிட்டாள். நடுவில் இங்கே ஒரு கடையில் "அதே மாடல், பத்தில் ஒரு பங்கு விலை" என்று நகல் ஒன்றைக் காட்டினார்கள். போட்டோ அனுப்பினேன். "அதுல யார் பேருமே இல்லையே மாமா, வேண்டாம்" என்று பதில் வந்தது.

போன ஞாயிறு அக்காவும் அவளும் காஞ்சிபுரம் போய் முகூர்த்தப் புடவை எடுத்தார்கள். நெய்தவர் பெயர் கேட்டதும் விற்பனைப் பையன் சிரித்தானாம். முதலாளி நோட்டைப் புரட்டிப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டு இப்போது புடவை மடிப்புக்குள் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கல்யாணப் புடவையை யார் நெய்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எத்தனை பேர் தேறுகிறோம் என்று பார்ப்போம்.