நூறு பக்க நாவலைப் பயிலுதல்

நூற்றுச் சொச்சம் பக்கங்களில் முடிந்துவிடுகிற நாவலை, பெரிய நாவல் எழுதச் சக்தியில்லாதவன் செய்த காரியம் என்று எண்ணும் மனோபாவம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. ஆயினும், எழுதப் பழகுகிறவன் எதைப் பயில வேண்டும் என்று கேட்டால் அத்தகைய நூல்களையே நான் சிபாரிசு செய்வேன். ஏனெனில் பெரிய நாவலின் விஸ்தாரத்தில் மறைந்துபோகிற ஆசிரியனின் தேர்வுகள், எதற்கு எத்தனை பக்கம் கொடுத்தான், எதைச் சொல்லாமல் விட்டான் என்பவையெல்லாம், இங்கே பட்டவர்த்தனமாகத் தெரிகின்றன.

அயர்லாந்தின் கிளேர் கீகன் 2021-இல் வெளியிட்ட ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ என்ற நாவலை எடுத்துக்கொள்வோம். 1985-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நெருங்கும் நாட்களில், நியூ ராஸ் என்னும் ஊரின் நிலக்கரி வியாபாரியான பில் ஃபர்லாங், சரக்கு இறக்கப் போன, சலவைக்கூடமும் நடத்துகிற கன்னிமாடத்தின் கரிக் கொட்டகையில் ஒரு பெண் அடைபட்டுக் கிடப்பதைக் காண்கிறான். மணமாகாமல் தாயானவர்கள் முதலாகச் சமூகம் ஒதுக்கிய பெண்களைக் கூலியின்றி வேலை வாங்கிய மக்தலீன் சலவைக்கூடங்களில் கடைசியானது 1996-இல்தான் மூடப்பட்டது. அரசின் சார்பில் பிரதமர் மன்னிப்புக் கேட்க 2013 ஆயிற்று. இவ்வளவு கொடிய விஷயம் கையில் கிடைத்தால், நம்மவர்களில் பலர் முக்கால்வாசிக் கதையையும் மதிலுக்கு உள்ளேயே நடத்தி, கண்ணீரும் பிரசங்கமுமாகப் பக்கங்களை நிரப்பியிருப்பார்கள். கீகனோ, கிறிஸ்துமஸ் கேக் செய்வதற்கும், பிள்ளைகள் சாந்தா கிளாஸுக்குக் கடிதம் எழுதுவதற்கும் தாராளமாக இடம் தருகிறார்.

வாசகன் இவற்றைச் சூழல் வர்ணனை என்று ரசித்துவிட்டுப் போகலாம்; எழுதுகிறவன் போகலாகாது. ஃபர்லாங்குக்கு ஐந்து பெண்கள். அவர்களுக்கு ஊரில் கிடைக்கக்கூடிய நல்ல பள்ளியோ கன்னிமாடத்தை ஒட்டியே இருப்பது, அந்தக் கன்னியர்களின் செல்வாக்குக்கு உட்பட்டது. அந்த அடுப்படி இன்பத்தை நாம் முன்பே அனுபவித்திராவிட்டால், அவன் அந்தப் பெண்ணுக்கு உதவத் துணியும்போது எதைப் பணயம் வைக்கிறான் என்பது நமக்கு வெறும் தகவலாகவே நின்றிருக்கும். அவனுடைய தந்தை யார் என்ற ரகசியமும் அவ்வாறே, அவன் வளர்ந்த பழைய வீட்டின் வாசலில் ஓர் அந்நியப் பெண் முகஜாடையைப் பற்றி யதேச்சையாகச் சொல்லும் வார்த்தையில் அவிழ்ந்துவிடுகிறது. கருப்பொருள் யாது என்று மட்டும் கேட்கும் நம் வகுப்பறைகளில் இந்த நுட்பங்களுக்கு மதிப்பெண் இல்லை.

அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு அவன் வீட்டை நோக்கி நடக்கும் இடத்தோடு நாவல் முடிகிறது. மனைவி ஐலீன் என்ன சொன்னாள், பள்ளிக்கூடம் என்ன செய்தது என்று அறிய முடியாமல் குறைப்படுவோர் உண்டு. எனக்கு அக்குறை இல்லை. ஐலீனின் பதிலை அவளுடைய முந்தைய பேச்சுக்களிலிருந்தே ஊகித்துவிடலாம். ஐயமிருப்பவர்கள், இரவில் கணவனும் மனைவியும் தர்க்கிக்கும் அந்தப் பகுதியை மறுபடி வாசித்துப் பார்க்கட்டும்.