மதியம் ஒன்றரை முதல் இரண்டு வரை

ஒன்றாகச் சாப்பிட்டால் சக ஊழியர்களிடையே நட்பு வளரும் என்று நிறுவனங்களின் மனிதவளத் துறையினர் இப்போதுதான் கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பொய்யில்லை. அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களைப் பற்றி 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வும், சேர்ந்து சாப்பிடும் குழுக்கள் வேலையிலும் மேலாக இருப்பதாகச் சொன்னது. ஆனால் அங்கே கேட்கத் தேவையில்லாத ஒரு கேள்வி, இங்கே டிபன் பாக்ஸைத் திறக்கும் முன்பே வந்து உட்கார்ந்துவிடுகிறது. இது யார் வீட்டுச் சோறு?

ஆய்வுப் படிப்புக்கு வரும் முன் இரண்டு வருடம் இராசபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். சேத்தூரிலிருந்து தென்காசி ரோட்டு பஸ்ஸில் போய் வருவேன். மதியம் ஒன்றரைக்கு ஆறு பேர் ஒரே மேசையில் உட்காருவோம். ஒருவர் பொரியல் இன்னொருவர் தட்டுக்குப் போகும். முதல் வாரம் என் பாக்ஸை யாரும் தொடவில்லை. எந்தத் தெரு என்று விசாரித்து வைத்திருந்தார்கள். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, பக்கத்தில் இருந்த அக்கா, "என்ன தம்பி, ஒளிச்சு ஒளிச்சு சாப்பிடுற?" என்று கத்திரிக்காயை எடுத்துச் சாப்பிட்டார். அவர் ஆதிக்கச் சாதிக்காரர். அதன்பிறகுதான் மற்றவர்கள் கையும் நீண்டது. ஒருவர் கை மட்டும் கடைசிவரை நீளவில்லை. அவருக்கு ஆண்டு முழுக்க ஏதோ ஒரு விரதம்.

இதைக் கேட்ட அம்மாவுக்கு நிம்மதியைவிடக் கவலைதான் கூடியது. "எல்லாரும் எடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சமைப்பார். ஞாயிறு வாங்கிய மாட்டுக்கறியில் மிச்சம் உப்புக்கண்டமாகக் கொடியில் காயும்; என் பாக்ஸில் தக்காளிச் சோறும் அவித்த முட்டையும் போகும். அந்த மேசைக்கு நான் கொடுத்த நுழைவுக் கட்டணம் அது.

2014இல் சென்னையில் 'தி இந்து' நாளேட்டின் அலுவலகக் கேன்டீனுக்குள் அசைவம் கொண்டுவரக் கூடாது, சைவர்களுக்குச் சங்கடம் என்று அறிவிப்பு வந்தது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனி கைகழுவுமிடம் என்று எழுதி ஒட்டினார்கள்; அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத் தோழர்கள் அம்பலப்படுத்திய பிறகே அது இறங்கியது. எங்கள் மில்லில் அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. என் அம்மாவே அதை அடுப்படியில் அமல்படுத்திக்கொண்டிருந்தார்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. அக்கா தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தார். மேசையில் எல்லோருக்கும் பத்திரிகை வந்தது, எனக்கும். இரண்டு நாள் கழித்துத் தனியாகக் கூப்பிட்டு, "கோயிலுக்கு வந்துரு தம்பி. வீட்டுல எங்க மாமனார் ஆளுக..." என்று இழுத்தார். நான் போகவில்லை. திங்கட்கிழமை கறிக்குழம்பும் சோறும் தூக்குவாளியில் எனக்கென்று கொண்டுவந்து வைத்தார். அன்றும் என் பாக்ஸிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்.

அந்தத் தூக்குவாளியைத் திருப்பித் தள்ளியிருக்க வேண்டும் என்று தோழர்கள் சிலர் சொல்வார்கள். நான் சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது, அதுதான் கஷ்டம்.

1917இல் கேரளத்தின் செறாயியில் ஈழவரான சகோதரன் ஐயப்பன் புலையர்களோடு சேர்ந்து உண்ணும் மிசிரபோஜனம் நடத்தினார். அவர்மீது முதலில் பாய்ந்தது அவருடைய சொந்தச் சாதிதான். 'புலையன் ஐயப்பன்' என்று ஏசி ஒதுக்கி வைத்தது. அக்கா பயந்ததும் அப்படியொரு ஏச்சுக்குத்தான். அவர் வீரராக இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த மேசையில் முதல் கை அவருடையது என்பதையும் நான் கழித்துவிட முடியாது.

சேர்ந்து உண்பது மட்டும் சாதியைக் கொல்லாது, மணவுறவே மருந்து என்று 1936இலேயே அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் அரசு நடத்தும் பொதுவிருந்தைப் பார்த்தாலே அது விளங்கும். அமைச்சரும் ஆட்சியரும் இலை முன் அமர்ந்து போட்டோ எடுத்து முடிந்ததும், பந்தியில் இருந்தவர்கள் அவரவர் தெருவுக்குப் போய்விடுவார்கள். அதே 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைத்த சத்துணவைத் தம் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று சாதி இந்துக்கள் மறித்ததும் இந்தத் தமிழ்நாட்டில்தான்.

அதனால் சோற்றை அற்பமாக்கிவிடவும் எனக்கு மனமில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்துத்தான் பெரியாரும் வரதராசுலுவும் காங்கிரசையே உலுக்கினார்கள். தனி இலை தனி உலகம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அலுவலக மேசை அந்த உலகத்தில் அரை மணி நேரம் ஓட்டை போடுகிறது. மணி இரண்டானதும் அது தானாக மூடிக்கொள்கிறது. யாராவது காலை வைத்துத் தடுத்தால்தான் திறந்திருக்கும்.

போன வைகாசியில் தங்கச்சி கல்யாணம், சேத்தூரில் எங்கள் தெருவில். அக்காவுக்கும் பத்திரிகை கொடுத்தேன், வர மாட்டார் என்று நினைத்துத்தான். மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். அம்மாதான் பரிமாறினார், கை நடுங்க. அக்காவின் வீட்டுக்காரர் தெருமுனையில் பைக்கில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இப்பத்தான் குடிச்சேன் தம்பி" என்றார்.