காணியும் கர்த்தரும்

பொத்தேரியில் ரயிலேறினால் மூன்றாவது நிறுத்தம் சிங்கப்பெருமாள்கோவில். அதன் பக்கத்தில் இருக்கிறது மெல்ரோசாபுரம். ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, 1890களில் தலித் கிறித்தவர்களைக் குடியமர்த்திய ஊர் அது. என் ஆய்வுக்காக இந்த வட்டாரத்துச் சபைகளைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினேன். முடித்ததும் ஒரு தோழர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "நிலத்துக்காக மதம் மாறினவங்கதானே?"

ஆமாம் தோழர், நிலத்துக்காகத்தான். அதில் என்ன கேவலம்?

அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில் உழுதவன் படியாள். அப்பன் வாங்கிய கடனுக்கு மகனும் உழ வேண்டும். குடிசை நின்ற மண்கூட அவனுக்குச் சொந்தமில்லை. தரிசு நிலம் கேட்டு தர்காஸ்து போட்டால் மிராசுதாருக்கே முன்னுரிமை. வேதத்தில் சேர்ந்தால் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்பு என்று மிரட்டல். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையில் இந்த நிலைமை பதிவாகியிருக்கிறது. மறு ஆண்டு செப்டம்பர் 30 அன்று வந்த அரசாணையைத்தான் இன்று பஞ்சமி நிலத்துக்கு ஆதாரமாகக் காட்டுகிறோம். ஆண்ட்ரூவும் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் அந்த ஆண்டுகளில் அரசை விடாமல் நெருக்கியவர்கள்.

ஆனால் அவர்களைச் சேரிக்கு இழுத்து வந்தது யார்? ஸ்காட்லாந்து மிஷன் முதலில் குறி வைத்தது உயர்சாதிப் பிள்ளைகளை. அதற்காகவே சென்னைக் கிறித்தவக் கல்லூரியை வளர்த்தது; 1937இல் தாம்பரத்துக்கு வந்த அதே கல்லூரிதான். பிள்ளைகள் ஆங்கிலம் படித்தார்கள், பைபிள் வகுப்பில் உட்கார்ந்தார்கள், உத்தியோகத்துக்குப் போனார்கள். மிகச் சிலரே மதம் மாறினார்கள். கூப்பிடாமலே வந்தவர்கள் சேரி மக்கள். வந்தவர்களின் நோக்கம் சுத்தமானதா என்று மிஷனரிகளே சந்தேகப்பட்டார்கள். ரூபா விஸ்வநாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆங்கிலத்துக்காக பைபிள் கேட்டவரை யாரும் ஏசவில்லை. காணிக்காகக் கேட்டவருக்கு மட்டும் 'அரிசிக் கிறித்தவர்' என்று பட்டம்.

அந்தப் பட்டத்துக்குக் கூச்சப்பட்டே நம் சபைகளும் வரலாற்றை மறைக்கின்றன. நான் பார்த்த நூற்றாண்டு மலர்களில் பாதிரியார்களின் படம் வரிசையாக இருக்கும். மணி எப்போது வந்தது, ஓடு எப்போது மாற்றினார்கள் என்று இருக்கும். முதலில் போய்க் கதவைத் தட்டிய படியாளின் பெயர் இருக்காது. சாதி என்ற சொல்லே இருக்காது.

அரசுக்கோ கூச்சமே இல்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே தள்ளியது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. 1985இல் சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசமைப்பின் மீதான மோசடி என்றது அதே நீதிமன்றம்.

கிறித்தவனானால் நிலத்துக்காக, இந்து என்றால் சலுகைக்காக. தலித்தின் பக்தியை மட்டும் இப்படி உரசிப் பார்க்கிறார்கள். மிராசுதார் எதற்காக இந்துவாகவே இருந்தார் என்று எந்த நீதிமன்றமாவது விசாரித்ததா?

அடுத்து நூற்றாண்டு மலர் போடப்போகும் சபையாருக்கு ஒரு வேண்டுகோள். ஞானஸ்நானப் பதிவேட்டின் முதல் பக்கத்தை அப்படியே அச்சிடுங்கள். பாதிரியார் படங்களுக்கு முன்னால்.