கிளிப் போடுறதுக்கு முன்னாடி காலண்டரைப் பாருங்க

போன வாரம் மெஸ்ல ஜூனியர் தம்பி ஒருத்தன் என் வாயையே பார்த்துக்கிட்டு இருந்தான். கடைசியில கேட்டே விட்டான்: "அண்ணே, பல்லுக்கு கிளிப் போட்டா ரொம்ப வலிக்குமா?"

நான் கிளிப் போட்டு ஒன்றரை வருஷம் ஆகுது. எல்லாரும் முதல்ல கேட்கிற கேள்வி இதுதான். வலி இருக்கும். ஒவ்வொரு தடவை கம்பியை இறுக்கினதும் மூணு நாலு நாளைக்கு இட்லியும் தயிர்ச்சோறும்தான். கம்பி உரசிக் கன்னத்துல புண் வரும். தடவ மெழுகு தருவாங்க. இதெல்லாம் பழகிடும். நாம கேட்க வேண்டிய கேள்வி வேற: "அடுத்த ரெண்டு வருஷம் நான் எந்த ஊர்ல இருப்பேன்?"

ஏன்னா இது ஒரே நாள்ல முடியிற வேலை இல்ல. கம்பி பல்லை மெதுவா தள்ளும்போது, தள்ளுற பக்கம் எலும்பு கரையும். பின்பக்கம் புது எலும்பு வளரும். அதுக்கு அதோட நேரம் வேணும். அளவுக்கு மீறி இழுத்தா பல்லோட வேர் தேய்ஞ்சு குட்டையாகிற ஆபத்து கூடும். அதனால பொதுவா ஒன்றரை வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம் ஆகும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்தே ஆகணும்.

இப்போ நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். அருப்புக்கோட்டையில இருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர். மாசம் ஒரு தடவை போய்வந்தா, 24 மாசத்துல 2,400 கிலோமீட்டர்.  அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னை, சிதம்பரம், 2023-லிருந்து புதுக்கோட்டைனு இருக்கு. எதுவுமே நமக்கு மாசாமாசம் போய்வர்ற தூரம் இல்ல. இதுக்கு நடுவுல சாத்தூர் சேவைக் கடிச்சு ஒரு பிராக்கெட் கழண்டு வந்தா, இன்னொரு சனிக்கிழமை காலி. எனக்கு மாடல் எக்ஸாம் வாரத்துல அப்படித்தான் ஆச்சு.

அடுத்தது தண்ணி. கிளிப் போட்டவன் சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பல் விளக்கணும். பால்கோவா மாதிரி இனிப்பு பிராக்கெட்டைச் சுத்தி ஒட்டிக்கிட்டா, ஒரு மாசத்துலயே பல்லுல வெள்ளைத் திட்டு விழ ஆரம்பிக்கலாம். கிளிப்பைக் கழட்டின பிறகும் அந்தத் திட்டு மறையாம நிக்கலாம். கோடையில ஹாஸ்டல் குழாய் காத்து மட்டும் விடுற நேரத்துல இதைச் செஞ்சு பாருங்க, புரியும்.

சின்ன வயசுல ஃப்ளோரைடு கூடின போர் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்க இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். குடிதண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள ஃப்ளோரைடு இருக்கணும், வேற வழியில்லாட்டி 1.5 வரைங்கிறது இந்தியத் தரநிர்ணயம். அதைத் தாண்டின தண்ணியால வந்த பழுப்புக் கறையை கிளிப் போக்காது. கறை அதிகமான பல்லுல பிராக்கெட் பசையும் சரியாப் பிடிக்காது. அது கழண்டா மறுபடியும் பஸ் ஏறணும்.

எனக்குப் பெரிய கவலை மூணாவது வருஷப் பசங்களைப் பத்திதான். "பிளேஸ்மென்ட் வருது, அதுக்குள்ள பல்லைச் சரி பண்ணிடுவோம்"னு ஆறாவது செமஸ்டர்ல கிளிப் போடுறாங்க. இன்டர்வியூ வரும்போது வாயில கம்பிதான் இருக்கும். வேலை ஓசூர்லயோ பெங்களூர்லயோ கிடைச்சா வைத்தியம் பாதியில நிக்கும். வேற டாக்டர் தொடர்ந்து பார்க்கிறதுன்னா புதுசா எக்ஸ்ரே, புதுசா பணம். கழட்டின பிறகும் ரீடெய்னர் போடணும். விட்டா பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். முதல் நாள் சொல்ற தொகையில பல இடத்துல இது சேர்றதில்ல.

அப்போ போடவே கூடாதான்னு கேட்டா, அப்படி இல்ல. கடிக்கவே சிரமம், மேல் பல் ரொம்ப முன்னாடி நிக்குது, நெருக்கத்துல விளக்க முடியாம சொத்தை விழுதுன்னா கண்டிப்பா போடுங்க. ஆனா முதல் வருஷத்துலயே போடுங்க. கையில 48 மாசம் இருக்கும். டாக்டர் இந்தப் பிரிவுல எம்.டி.எஸ். முடிச்சவரான்னு கேளுங்க. எத்தனை பல் பிடுங்கணும், ரீடெய்னர் காசு சேர்த்தா, பாதியில ஊர் மாறினா என்ன பண்றதுன்னும் கேளுங்க. கேட்டா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. வீட்டுல கஷ்டப்பட்டுத் தர்ற காசு.

போட்டோவுக்காக மட்டும்னா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க. ஆப்டிடியூட் டெஸ்ட்ல பல் வரிசைக்கு மார்க் கிடையாது.

அந்தத் தம்பியைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒரே ஒரு தெத்துப்பல். கடிக்கிறதுல, விளக்குறதுல ஒரு தொந்தரவும் இல்லையாம். "பல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வா. அவரே வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவார்"னேன். தட்டுல இருந்த முறுக்கை எடுத்து நறுக்குனு கடிச்சான். எனக்குத்தான் வயிறு எரிஞ்சது.