ஏழு கிலோவுக்கு மேல் எதற்கு?

சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டிப் பக்கம் யாராவது வெளிநாடு கிளம்பினால் முதல் செலவு பெட்டிக்குத்தான். நாலு சக்கரம், நம்பர் பூட்டு, 28 அங்குல உயரம். பெரிய பெட்டி இருந்தால்தான் பயணம், தூர தேசம் போனால்தான் புது அனுபவம் என்ற எண்ணம் வீட்டுக்கு வீடு ஊறிப்போய்விட்டது. இரண்டுமே தவறு. அனுபவத்தைக் கெடுப்பதே அந்தப் பெட்டிதான்.

எடைக் கணக்கை உள்நாட்டுப் பயணத்திலிருந்தே பார்ப்போம். உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குப் பொதுவாக 15 கிலோ லக்கேஜ், கையோடு 7 கிலோ. 28 அங்குலப் பெட்டி காலியாகவே நாலு கிலோ இருக்கும். ஒரு துணிகூட வைப்பதற்கு முன்பே 15 கிலோவில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கிய சேவையில் பறப்பவை ஏடிஆர் வகைச் சிறு விமானங்கள். தலைக்கு மேலுள்ள தட்டில் தள்ளுபெட்டியைத் திணிக்க அங்கே இடம் குறைவு.

சக்கரம் இருக்கிறதே என்பார்கள். சக்கரம் வைத்த பெட்டிக்கு அமெரிக்காவில் பெர்னார்ட் சடோ 1972இல் காப்புரிமை வாங்கினார். இன்று எல்லாரும் நிமிர்த்தி இழுத்துப் போகிற வடிவத்தை 1987இல் கொண்டுவந்தவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி. அந்தச் சக்கரம் ஓடுவதற்கு வழவழப்பான தரை வேண்டும். வெனிஸ் நகரில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள். பெரும்பாலானவற்றில் படி ஏறி இறங்க வேண்டும். பெட்டிக்காரர் என்ன செய்வார்? லிஃப்ட் உள்ள ஹோட்டல், வாசல்வரை வரும் கார், காரோடு வரும் வழிகாட்டி. பெட்டி போகிற இடத்துக்கெல்லாம் அவர் பின்னாலேயே போகிறார். உள்ளூர்ப் பஸ்ஸில் ஏற முடியாது. ஆனால் ஊர்க்காரர் நம்மோடு பேச வாய்ப்புள்ள இடம் அந்தப் பஸ்தான்.

சரி, புது அனுபவம் எப்படிக் கிடைக்கிறது? பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் காந்தியைப் பற்றிய ஆவணப்படம் எடுக்கும் எண்ணத்தோடு 1937 முதல் உலகம் சுற்றினார். ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து, காந்தி இடம்பெற்ற காட்சிகளாக 50,000 அடி பிலிம் சேர்த்து, 1940இல் படத்தை வெளியிட்டார். அவருக்கு நேர்ந்த அனுபவம் எதையும் யாரும் அவருக்கு விற்கவில்லை. தேடிப்போக ஒரு வேலை இருந்தது. ஆட்களும் ஊர்களும் அந்த வழியில் வந்து சேர்ந்தார்கள்.

நமக்கும் தேடிப்போக வேலை இருக்கிறது. விடியுமுன் அரளி மொக்குப் பறித்து சேலம் பூ மார்க்கெட்டுக்கு அனுப்புகிற ஊர் பனமரத்துப்பட்டி. இங்கிருந்து ஐரோப்பா போகிறவர் ஈஃபெல் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். நெதர்லாந்தில் ஆல்ஸ்மீர் என்ற ஊரில் பூ ஏலம் நடக்கிறது. அங்கே விலை மேலிருந்து கீழே இறங்கும்; முதலில் நிறுத்துபவருக்குச் சரக்கு. விளைவித்தவனுக்கு அது லாபமா, நஷ்டமா? அரளித் தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வந்தால் ஒரு மாதம் பேசலாம். வேறு யாருக்கும் வாய்க்காத பயணம் அது. அதற்கு இரண்டு செட் துணியும் தோளில் ஒரு பையும் போதும்.

‘வித்தியாசமான அனுபவம்’ வேண்டும் என்ற இந்தப் பசி இப்போது உள்ளூர் மலைகளையும் பிடித்திருக்கிறது. ராசிபுரத்துக்கு அருகில் போதமலை. கீழூர், மேலூர், கெடமலை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமான்களைத் தலைச்சுமையாக ஏற்றினார்கள். நோயாளிகளைத் தூளி கட்டி இறக்கினார்கள். தேர்தல் வந்தால் வாக்கு இயந்திரங்களும் அதே பாதையில் ஆள் தூக்கித்தான் மேலே போயின. சாலைப் பணி அண்மையில்தான் தொடங்கியது. மலையேற்றத்துக்கு வருகிறவர்களில் சிலர், சாலை வந்தால் மலையின் தனித்தன்மை போய்விடும் என்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் கோபம் வருகிறது. இன்னொருவரின் இல்லாமை உங்களுக்கு வார இறுதிக் காட்சியா? அப்படிச் சொல்பவர்கள் முதலில் ஒரு மூட்டை ரேஷன் அரிசியைத் தலையில் வைத்துக் கெடமலை வரை ஏறட்டும். பிறகு பேசலாம்.