பச்சையாகத் தின்னும் கீரைக்குக் கால்வாய்த் தண்ணீர் வேண்டாம்

தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பது தொடர்பான வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் நெல்லைக்கே வந்து ஆற்றைப் பார்வையிட்டனர். இந்தச் செய்தி உங்கள் வீட்டுக் கீரைப் பாத்திக்கும் பொருந்தும்.

கால்வாய்த் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சோறாக்குகிறோம். தண்டங்கீரையைக் கடைந்து உண்கிறோம். கொதியில் கிருமி சாகும். ஹலீம் எனப்படும் ஆலிவிதைக் கீரை அப்படியல்ல. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தக் காரச்சுவைக் கீரையைச் சாலட்டில் பச்சையாகவே சேர்ப்பார்கள். தண்ணீரில் உள்ள கிருமி நேரே வயிற்றுக்குப் போகும்.

எனவே பாளையங்கால்வாய் போல ஊருக்குள் புகுந்து வரும் கால்வாயின் தண்ணீரை இதற்குப் பாய்ச்சாதீர்கள். நல்ல கிணற்று நீரோ குடிநீரோ பூவாளியால் தெளியுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம். நன்கு மக்கிய எரு போதும்.

விதை வாங்கும்போது கவனம்: ஆளிவிதை வேறு, ஆலிவிதை வேறு. ஆளி தட்டையாகப் பளபளக்கும். ஆலி அதைவிடச் சிறியது, செம்பழுப்பு நிறம். மருந்து கலந்த விதையைத் தவிருங்கள்.

கார்த்திகை முதல் தை வரை, வெயில் குறைந்த இடத்தில் தூவுங்கள். சில நாளில் முளைக்கும். இரண்டு வாரத்தில் இளசாக அறுக்கலாம். வெயில் ஏறினால் சீக்கிரம் பூத்து, காரம் கூடிவிடும்.

வெங்காயம், எலுமிச்சைச் சாறு, தேங்காய்த்துருவல் சேர்த்துப் பச்சடியாக உண்ணலாம். கால்வாய்த் தண்ணீர் மட்டுமே கிடைக்கிறதா? அப்போது இதையும் வேகவைத்தே உண்ணுங்கள்.